ஏரிக்கோடிக்குச் செவ்வாய்க்கிழமைதான் லீவு

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்த அரை மணி நேரத்தில் நான் வேறு மாநிலத்தில் இருந்தேன். போக வேண்டியது உத்தனப்பள்ளிக்கு. கூட்டத்தில் யாரோ “ஏறுங்க, ஏறுங்க” என்றார்கள், ஏறிவிட்டேன். ஜன்னலோரம் பிடித்து, ஒரு குட்டித் தூக்கம் போட்டுக் கண் விழித்தால் வெளியே கடைப் பலகையெல்லாம் கன்னடம். கண்டக்டர் முதலில் கன்னடத்தில் கேட்டார், பிறகு தெலுங்கில் கேட்டார், மூன்றாவதாகத் தமிழுக்கு வந்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது. “உத்தனப்பள்ளியா? அது அப்பிடிக்கா போவணும்க்கா. இது அத்திப்பள்ளி, கர்நாடகா” என்று சொல்லி இறக்கிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் நான் போன முதல் வெளிதேசம் அதுதான்.

ஓசூருக்குத் தப்பி வந்தாலும் வயிறு தப்பவில்லை. ஓட்டலில் தட்டு இட்லி கேட்டேன். பேருக்குத் தகுந்தபடி தட்டு அகலத்துக்கு ஒரே இட்லி வந்தது. சிவகங்கைப் பக்கம் ஆறு இட்லியைத் தட்டில் பரப்பிப் பார்த்துப் பழகிய எனக்கு, இது ஒன்றா ஆறா என்று கணக்கே பிடிபடவில்லை. காபி சொன்னால் “பை டூவா?” என்றார்கள். ஒரு காபியை ரெண்டு டம்ளரில் பாதிப் பாதி ஊற்றித் தருவதாம். நான் தனி ஆள் என்று சொல்வதற்குள் பக்கத்து மேஜைப் பெண், முன்பின் தெரியாதவர், “பை டூ” என்று விரலைக் காட்டிவிட்டார். ஆளுக்குப் பாதி குடித்தோம். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவருக்குப் புரியவில்லை. காபி நன்றாக இருந்தது.

நான் அந்தப் பக்கம் போனதற்குக் காரணம் ஒரு ஓடை. மழைத் தண்ணீர் மேட்டிலிருந்து ஓடி வரும் வழியில் எங்கே தடுப்பது, எங்கே விடுவது என்று ஊரே உட்கார்ந்து முடிவு செய்வதற்கு நீர்வடிப் பகுதித் திட்டம் என்று பெயர். அப்படி உட்காரும் ஊர்கள் சண்டை போட்டுக்கொண்டால் சமாதானம் பேச என்னை மாதிரி ஆட்களை அனுப்புவார்கள். இருபது வருஷமாக என் பிழைப்பு அதுதான். எனக்கே கோபம் மூக்கு மேல் நிற்கும், நான் போய் ஊர்ச் சண்டையை விலக்குகிறேன் என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

உத்தனப்பள்ளியிலிருந்து ஷேர் ஆட்டோவில் போனால் ஓடை வரும். ஓடைக்கு மேலே மேல்கொட்டாய். தோட்டக்காரர்கள், தக்காளியும் ரோஜாவும் போடுகிறவர்கள். கீழே, ஏரி முடிகிற இடத்தில் ஏரிக்கோடி. ஒரு காலத்தில் மேல்கொட்டாய்த் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள், இப்போது முக்கால்வாசிப் பேர் கம்பெனி வேலைக்காரர்கள். மேல்கொட்டாய்க்கு ஏற்கெனவே ஒரு தடுப்பணை இருக்கிறது. இன்னும் மூன்று வேண்டும் என்கிறார்கள். ஏரிக்கோடிக்காரர்கள் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ரெண்டு ஊரும் சேர்ந்து தாள் கொடுக்காவிட்டால் திட்டம் வேறு ஒன்றியத்துக்குப் போய்விடும். கிருஷ்ணகிரி ஆபீசில் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்.

தங்குவதற்கு ரெண்டு ஊருக்கும் நடுவில் பால் சொசைட்டியை ஒட்டி ஒரு அறை கொடுத்தார்கள். சனிக்கிழமை ராத்திரி அலுத்துப்போய்ப் படுத்தேன். விடிகாலை ஐந்தரைக்குக் கேன்கள் உருளும் சத்தம், மாடு கத்தும் சத்தம், சொசைட்டி செயலாளர் சென்றாயன் எண்களைக் கூப்பிடும் சத்தம். போதாததற்குக் குளிர். ஐப்பசியில் எங்கள் ஊரில் மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாது. இங்கே ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியவில்லை. கதவைத் திறந்து சென்றாயனை நன்றாக முறைத்துவிட்டு வந்து மறுபடி போர்த்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். மேல்கொட்டாயிலிருந்து இருபது பேர் வெள்ளைச் சட்டையில் வந்துவிட்டார்கள். தலைவர் மாதிரி முன்னால் உட்கார்ந்தவர் கிருஷ்ணப்பா. அறுபது வயது இருக்கும், நிதானமான மனிதர், என்னிடம் தமிழிலும் தன் ஆட்களிடம் தெலுங்கிலும் பேசினார். ஏரிக்கோடியிலிருந்து ஒரு குருவி கூட வரவில்லை. பன்னிரண்டு வரைக்கும் ஈ ஓட்டினோம்.

“பாத்தீங்கல்ல மேடம், இதே கதைதான்” என்றார் கிருஷ்ணப்பா. “எல்லாருக்கும் லீவு நாளாச்சேன்னு ஞாயித்துக்கெழமையாப் பாத்துப் பாத்து வெக்கிறோம். ஒருத்தரும் வர்றதில்ல. கையெழுத்தும் போடறதில்ல. அவங்களுக்கு ஊர் மேல அக்கறை இல்லீங்க.”

கூட்டக் குறிப்பேட்டை நீட்டினார். முந்தின பத்துக் கூட்டமும் ஞாயிற்றுக்கிழமைதான். ஒவ்வொன்றின் கீழும் ‘ஏரிக்கோடி பொதுமக்கள் வருகை தரவில்லை. ஆட்சேபம் ஏதுமில்லை’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. எனக்கு ஏரிக்கோடி மேல் வந்த கோபத்தில் பதினோராவதிலும் அதையே எழுதச் சொல்லி, கீழே என் கையெழுத்தையும் போட்டேன். இதை நான் மறைத்து என்ன ஆகப்போகிறது, போட்டேன்.

மத்தியானம் கிருஷ்ணப்பா வீட்டில் சாப்பாடு. ராகிக் களியும் அவரைக்கொட்டைச் சாறும். நான் களியை மென்றேன். வீட்டு அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துத் தெலுங்கில் என்னவோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். “களியை மெல்லக் கூடாதாம், முழுங்கணுமாம், பாவம் பல்லுக்கு ஏன் வேலைன்னு கேக்கறா” என்று கிருஷ்ணப்பா மொழிபெயர்த்தார். முழுங்கினேன். ராத்திரி வரை பசியே இல்லை.

சாப்பிட்ட கையோடு தடுப்பணையைக் காட்டக் கூட்டிப்போனார். ஓடைக்குக் குறுக்கே கருங்கல் சுவர், தோள் உயரம். அடியில் தண்ணீரை விடுவதற்கு ஒரு வாய் வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். வாயின் ரெண்டு பக்கமும் காடி இருக்கிறது. அதில் பலகையைச் சொருகினால் தண்ணீர் நிற்கும், உருவினால் ஏரிக்குப் போகும். ஆனால் வாயையே காணவில்லை. முன்பக்கம் மண் மேடாக ஏறிப் புல் முளைத்திருந்தது.

“மண்ணு அடைச்சிக்கிச்சு” என்றார்.

“எடுக்கிறதுக்கு யார் பொறுப்பு?”

“பொறுப்புன்னு யாரும் இல்லீங்க” என்று சொல்லிவிட்டுத் தக்காளிச் செடியைப் பார்த்தார். எங்கள் பக்கம் கண்மாய் மடையைத் திறந்து மூட ஒரு ஆள் இருப்பார். அவரிடம் சண்டைக்குப் போகலாம், அவரைத் திட்டலாம். திட்டுவதற்குக்கூட ஆள் வைக்காமல் ஒரு அணையைக் கட்டியிருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஏரிக்கோடிக்குப் போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது என்று கிளம்பிய ஆள். போனால் வீடு வீடாகப் பூட்டு. ஒரு நாய் என்னைப் பார்த்துக் குரைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. ஏரியில் நடுவில் மட்டும் ஒரு கம்பளி விரித்த அளவுக்குத் தண்ணீர். ஏரிக்குக் கீழே காய்ந்த நிலங்கள், அவற்றில் பாதியில் மஞ்சள் கல் நட்டு வீட்டுமனையாகப் பிரித்திருந்தார்கள். கல் நடாத ஒரு காணியில் கிணறு ஒன்று இருந்தது. எட்டிப் பார்த்தேன். தரை தெரிந்தது.

மறுபடி சாயங்காலம் போனேன். ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் வந்து நின்றது. நீலக் கோட்டுப் போட்ட பெண்கள் திமுதிமுவென்று இறங்கினார்கள், பின்னாலேயே ஆண்கள். நான் யார் என்று சொன்னதும் எல்லோரும் ஒருத்தியைக் கை காட்டினார்கள். முனியம்மா. நாற்பத்தைந்து வயது, ஒல்லி, கழுத்தில் அடையாள அட்டை. கம்பெனியில் வருகிற உதிரி பாகங்களை அளந்து, தேறும் தேறாது என்று பிரிக்கிற வேலை. வீட்டுக்காரர் பெங்களூரில் செக்யூரிட்டி.

“நேத்துக் கூட்டத்துக்கு ஏன் வரலை?” என்றேன், எடுத்த எடுப்பில்.

“நேத்து டூட்டி.”

“ஞாயிற்றுக்கிழமையா?”

“எங்க கம்பெனிக்கு வீக் ஆஃப் செவ்வாய்க்கெழம மேடம். இங்க இருக்கறவங்க அத்தினி பேரும் ஒரே கம்பெனி, ஒரே பஸ். ஞாயித்துக்கெழம எங்களுக்கு லீவே கெடையாது.”

“அதை அவங்ககிட்டச் சொல்லலாமில்ல?”

“கூட்டம் முடிஞ்சப்புறம்தான் கூட்டம் நடந்துச்சுன்னே தெரியும். யார்கிட்டச் சொல்றது? எங்கம்மா அவங்க தோட்டத்துல தக்காளி பொறுக்கினவங்க. என்கிட்ட என்ன கேக்கறதுன்னு இருக்கும்.”

குறிப்பேடு என் பையில் இருந்தது. கேட்டாள், கொடுத்தேன். தெருவிளக்குக் கம்பத்தின் கீழே நின்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். பாகங்களை அளக்கிற கண் அல்லவா, ஒன்றையும் விடவில்லை. “பதினோரு தடவ எங்களுக்கு ஆட்சேபம் இல்லியா?” என்றாள். பிறகு கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து, “இது யாரு மேடம்?” என்றாள்.

“நான்தான்” என்றேன். வெட்கமாக இருந்தது. அவள் குறிப்பேட்டை மூடித் திருப்பிக் கொடுத்தாள். ரெண்டு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

காலையில் நான் எட்டிப் பார்த்த கிணறு அவளுடையதுதான். ஒரு ஏக்கர் காணி, அவள் சம்பாத்தியத்தில் வாங்கியது. தடுப்பணை வந்து ரெண்டு வருஷம் ஏரிக்குத் தண்ணீர் வந்தது, பிறகு நின்றது, ஏரி நின்றதும் கிணறும் நின்றது. சுற்றியிருந்தவர்கள் மனைக்காரனிடம் விற்றுவிட்டார்கள். “மேல வாய சிமெண்ட்டு போட்டு அடைச்சிட்டாங்க மேடம். இன்னும் மூணு கட்டினா அவ்ளோதான். மனைக்காரன் தெனமும் போன் பண்றான். இந்த மழைக்கும் கெணத்துல தண்ணி ஊறலைன்னா குடுத்துடலாம்னு இருக்கேன்” என்றாள். சொல்லும்போது குரல் மாறவில்லை. கோட்டுப் பித்தானை மட்டும் போட்டுப் போட்டுக் கழற்றினாள்.

செவ்வாய்க்கிழமை ஏரிக்கோடியில் கூட்டம் என்று மேல்கொட்டாய்க்குச் சொல்லி அனுப்பினேன். ஏரிக்கோடி மொத்தமும் வந்து உட்கார்ந்திருந்தது. மேல்கொட்டாயிலிருந்து ஒருவரும் வரவில்லை. “பாத்தீங்கல்ல, கூப்பிட்டா வரமாட்டாங்க” என்றார்கள். கிருஷ்ணப்பா சொன்ன அதே வார்த்தை. விசாரித்தால், செவ்வாய் அவர்களுக்குச் சந்தை. விடிவதற்கு முன்னால் தக்காளிக் கூடையோடு வண்டி ஏறினால் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒரே ஓடைத் தண்ணீரைக் குடிக்கிற ரெண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு லீவு நாள் இல்லை. இவர்கள் சண்டை போட்டுக்கொண்டதாக எல்லோரும் சொல்கிறார்கள், நேருக்கு நேர் உட்கார்ந்து ஒருநாள்கூடச் சண்டை போட்டதில்லை.

புதன்கிழமை காலையும் கேன் சத்தம் எழுப்பிவிட்டது. திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டே வெளியே வந்தேன். வரிசை நின்றது. முன்னால் கிருஷ்ணப்பா, கையில் ஐந்து லிட்டர் கேன். அவருக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக முனியம்மா, குளித்துவிட்டு நீலக் கோட்டோடு தூக்குவாளி. மேல்கொட்டாயும் ஏரிக்கோடியும் கலந்து நின்று, ஒரே அளவைக் குழாயில் பாலைச் சோதித்து, ஒரே பெரிய கேனில் ஊற்றிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்க்கொண்டிருந்தார்கள். அஞ்சே முக்காலிலிருந்து ஆறே முக்கால் வரை. நாலு நாளாக நான் போர்வைக்குள் படுத்துக்கொண்டு சபித்த சத்தம் இதுதான்.

சென்றாயனிடம் போய், “நாளைக்கு இங்கேயே கூட்டம் வைக்கலாமா?” என்றேன்.

“பால் கெட்டுடும் மேடம்.”

“வரிசை நகரட்டும். பேச்சும் நகரட்டும்.”

அவர் தலையைச் சொறிந்தார். “எனக்கு ரெண்டு பக்கத்துப் பாலும் வேணும். சண்டைன்னு வந்தா கேனை உள்ள எடுத்து வெச்சுக்குவேன்” என்றார். எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

வியாழக்கிழமை காலை சொசைட்டி சிமெண்ட் தரையில் சாக்பீஸால் ஓடையை வரைந்தேன். மேலே மேல்கொட்டாய், நடுவில் அணை, கீழே ஏரி, ஏரிக்கடியில் கிணறு. முதலில் நானே குறிப்பேட்டைத் திறந்து, பதினோராவது பக்கத்தில் என் கையெழுத்தை எல்லோர் முன்னாலும் அடித்தேன். ஏரிக்கோடிக்காரர்கள் வரவில்லையே தவிர ஆட்சேபம் இருக்கிறது, அது தெரியாமல் போட்டுவிட்டேன் என்றேன். வரிசை கொஞ்சம் அசைந்தது. செவ்வாய் லீவுக் கதையைச் சொன்னதும் கிருஷ்ணப்பா, “செவ்வாக்கெழமையா?” என்று முனியம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். அவர் பக்கத்து ஆளிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று முனியம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். “நம்ம கூட்டத்தை நாமளேதான் நடத்திக்கிட்டு இருந்திருக்கோம்னு சொன்னாரு” என்றாள்.

அன்றைக்கு முக்கால் மணி நேரம் நல்ல சண்டை நடந்தது. வாயைச் சிமெண்ட் போட்டு அடைத்தீர்கள் என்றது ஏரிக்கோடி. மண்தான் அடைத்தது என்றது மேல்கொட்டாய். பால் ஊற்றியவர்கள் போகாமல் நின்றார்கள். ஊற்ற வேண்டியவர்களை முன்னால் தள்ளிவிட்டுப் பேசினார்கள். ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது, பாதிச் சண்டையில் ஏரிக்கோடி எழுந்து ஓடியது. போகும்போது முனியம்மா, “சிமெண்ட்டா மண்ணான்னு தோண்டிப் பாத்தாத் தெரிஞ்சுடப் போவுது” என்றாள். இருபது வருஷ அனுபவத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பால் ஊற்றியதும் நேராக அணைக்குப் போனோம். ஏரிக்கோடியில் எட்டுப் பேர் அரை நாள் லீவு போட்டிருந்தார்கள். மண்ணெடுக்கும் இயந்திரத்தைக் கிருஷ்ணப்பா அமர்த்தி வந்திருந்தார். ஒரு மணி நேரத்தில் வாய் தெரிந்தது. சிமெண்ட் இல்லை. உளுத்துப்போன பலகை. ஆனால் பலகைக்கு முன்னால் மூன்று கருங்கல், ஒன்றுக்குள் ஒன்று இடித்துச் செருகினபடி. வெள்ளம் கொண்டுவந்து போட்ட கல் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

இயந்திரக்காரர் எஞ்சினை நிறுத்தினார்.

“நான்தான் வெச்சேன்” என்றார் கிருஷ்ணப்பா.

அவருடைய ஆட்களே அவரைப் பார்த்தார்கள். அவர் முனியம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார், தமிழில். “அந்த வருஷம் பொண்ணு கல்யாணம். தக்காளி கண்ணு முன்னாடி காயுது. ஒரு வாரத்துக்கு நிறுத்திக்கலாம்னு வெச்சேன். அடுத்த வாரம் எடுக்கலாம், அதுக்கடுத்த வாரம் எடுக்கலாம்னு இருந்தேன். அப்புறம் மண்ணு ஏறிப் போச்சு. மண்ணு ஏறினதும் மண்ணு மேலயே பழியப் போட்டுட்டேன்.”

அந்த ஒரு வாரத்தில் எத்தனை காணி மஞ்சள் கல்லாகியிருக்கிறது. வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முனியம்மா கத்தவில்லை. ஓடை மண்ணில் இறங்கி, முதல் கல்லைத் தானே அசைத்தாள். நகரவில்லை. கிருஷ்ணப்பா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். ரெண்டு பேருமாகத்தான் வெளியே உருட்டினார்கள்.

கையைக் கழுவிக்கொண்டு அவள் சொன்னாள்: “புதுப் பலகை எங்க வூட்ல இருக்கட்டும்.”

அணை எங்கள் பக்கம் இருக்கிறது, பலகை மட்டும் அங்கே எப்படி என்று மேல்கொட்டாயில் ஒருவர் ஆரம்பித்தார். கிருஷ்ணப்பா கையை உயர்த்தி நிறுத்தினார். “அங்கயே இருக்கட்டும்” என்றார். மற்றதைப் பேச அரை மணி நேரம் போதுமாக இருந்தது. ஏரியில் ஒரு கோடு போடுவது. மழைத் தண்ணீர் அந்தக் கோட்டைத் தொடும் வரை அணை வாய் திறந்தே இருக்கும். தொட்ட பிறகு பலகையைச் சொருகி மேல்கொட்டாய் நிறுத்திக்கொள்ளலாம். புதிய மூன்று அணைக்கும் இதே ஏற்பாடு, மூன்று வாய்க்கும் பலகை ஏரிக்கோடியில்.

கோடு போடுகிற வேலையை முனியம்மா எடுத்துக்கொண்டாள். ஏரிக்கரைப் படிக்கட்டுப் பக்கத்துக் கல்லில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு, ‘மினிமம்’. அதற்கு மேலே பச்சையில் ஒரு கோடு, ‘மேக்ஸிமம்’. “கம்பெனில எண்ணெய் டேங்க்ல இப்பிடித்தான் போட்டிருக்கும். செவப்புக்குக் கீழ போனா மெஷினை ஓட்ட விடமாட்டாங்க” என்றாள். இப்போது இருக்கிற அணை வாய்க்கு மூன்று பலகை, மூன்றும் கம்பெனிக்கு இயந்திரம் வந்த பெட்டி மரம். பழைய மரக் கடையில் வாங்கி அறுத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ‘இந்தப் பக்கம் மேலே’ என்பதற்கான கறுப்பு அம்புக்குறி அப்படியே இருந்தது.

சனிக்கிழமை காலை பால் வரிசையிலேயே கையெழுத்து. இடது கையில் கேன், வலது கையில் பேனா. தாளை நானே கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த முறை பஸ்ஸில் ஏறுவதற்கு முன் மூன்று பேரிடம் கேட்டேன். திரும்பி வரும்போது ராயக்கோட்டை ரோட்டில் மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. பஸ் ஒழுகியது. எனக்கு முன் சீட்டில் ரெண்டு பேர் கன்னடத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்து அம்மாவைக் கேட்டேன். “ராகி அறுக்கற நேரத்துல வந்து கெடுக்குதேங்கறான் ஒருத்தன். போர்வெல்லுல தண்ணி ஊறுமேங்கறான் இன்னொருத்தன்” என்றார். மழைக்கும் எல்லோரையும் ஒன்றாகத் திருப்திப்படுத்தத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு ஊருக்குக் கிளம்ப வேண்டும். காலையில் ஓடை செங்காவி நிறத்தில் ஓடியது. முனியம்மா ஏழேகால் பஸ்ஸில் டூட்டிக்குப் போய்விட்டாள். போகும்போது ஏரியில் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு ஒரு முழம் கீழே இருந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாள். பலகை உள்ளே.

மத்தியானம் மூன்று மணிக்குத் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. நான் பார்த்தேன், மேல்கொட்டாய்க்காரர்களும் பார்த்தார்கள். அணை வாய் வழியாகத் தண்ணீர் சலசலவென்று போய்க்கொண்டே இருந்தது. இனி அது அவர்கள் தண்ணீர். சொருக வேண்டிய பலகை ஒரு பூட்டுக்குப் பின்னால். போன் செய்தால் எடுக்கவில்லை, கம்பெனிக்குள் போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். தாளில் எல்லாம் எழுதினோம், அவள் டூட்டியில் இருந்தால் என்ன செய்வது என்று எழுதவில்லை. அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

“சின்னப் பூட்டுதான், ஒரு கல்லால தட்டினா வந்துடும்” என்றார் ஒருவர். “வேற நாலு கல்லை வெச்சுத் தற்காலிகமா அடைக்கலாம்” என்றார் இன்னொருவர்.

“கல்லு வெச்சது போதும்” என்றார் கிருஷ்ணப்பா. குடையை எடுத்துக்கொண்டு, கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் நின்றார். மூன்றரைக்குப் போனவர். தூறலில் நின்றுகொண்டே இருந்தார். நான் பெட்டியோடு போய் அவர் பக்கத்தில் நின்றேன். தண்ணீர் போகிற சத்தம் அங்கே வரை கேட்டது. அவர் ஓடைப் பக்கம் திரும்பவே இல்லை.

ஆறு மணிக்குப் பஸ் வந்தது. முனியம்மா இறங்கியதும், “கோட்டைத் தொட்டுச்சும்மா, மூணு மணிக்கே” என்றார். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நேராக ஏரிக்குப் போனாள். குனிந்து கல்லைப் பார்த்தாள். சிவப்புக் கோடு தண்ணீருக்கு அடியில் நாலு விரற்கடை போயிருந்தது. அந்த நாலு விரற்கடையும் கிருஷ்ணப்பா மூன்று மணியிலிருந்து அணை வாயில் கை வைக்காமல் காத்திருந்ததற்குச் சாட்சி. அவள் தண்ணீரில் கையை விட்டு அளந்தாள். பிறகு வீட்டுக்கு ஓடினாள், ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பலகைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி ஒரு முனையை அவள் தூக்கினாள், மறு முனையைக் கிருஷ்ணப்பா தூக்கினார். மரம் நனைந்து கனத்தது. அணை வரைக்கும் அப்படியே போனார்கள், நான் டார்ச் அடித்துக்கொண்டு பின்னால் போனேன். அவர் முதல் பலகையைத் தலைகீழாகக் காடியில் வைத்தார். “அம்பு மேல வரணும்ணா” என்றாள். அவர் திருப்பிச் சொருகினார். “நாளைக்கு ஒரு சாவி சென்றாயன்கிட்டக் குடுத்துட்டுப் போறேன்” என்றாள், அடுத்த பலகையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கியபடி.

அப்போது அவள் கோட்டுப் பையில் போன் அடித்தது. அவளுக்குக் கை இல்லை. “யாருன்னு பாருங்க மேடம்” என்றாள். எடுத்துப் பார்த்தேன். மனைக்காரன்.

“என்ன சொல்லட்டும்?”

அவள் பலகையைக் காடியில் இறக்கினாள். உட்கார்ந்ததும் அதன் மேல் ஏறி நின்று ஒரு மிதி மிதித்தாள்.

“மார்கழிப் பட்டத்துக்கு ராகி விடப் போறேன்னு சொல்லுங்க.”

சொன்னேன்.